இருநூற்று அறுபத்தாறு புள்ளிகள்

எங்கள் மகனின் முகம் உயரத்தில் பத்தொன்பது புள்ளி, அகலத்தில் பதினான்கு புள்ளி. பெருக்கினால் இருநூற்று அறுபத்தாறு. காதுகளை நான் சேர்க்கவில்லை. காது எங்கே முடிகிறது, பின்னாலிருக்கும் கூடாரத்தின் நிழல் எங்கே தொடங்குகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் அதே தொகைதான் வந்தது.

எண்ணியது, சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில் உலு திராமில் எங்கள் வீட்டு முன்னறையில், டிவியோடு இணைத்திருக்கும் சின்னக் கணினியில். படத்தை நிறுத்தி, அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் முகம் போய்ச் சதுரங்கள் மட்டும் நிற்கும். தரையில் ஓடு பதித்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு சதுரமும் ஒரு புள்ளி. முப்பத்தொரு ஆண்டு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன் நான். சதுரங்களை எண்ணுவது எனக்குச் சிரமமில்லை. எண்ணாமல் இருப்பதுதான் சிரமம்.

அவன் போய் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அவனுக்குப் பதினேழு வயது, ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி ஆண்டு. நாங்கள் அப்போது கோத்தா திங்கியில் இருந்தோம். டியூஷன் முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்பியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அவன் படங்கள் எங்களிடம் இருந்தன. அவன் போய் ஆறு ஆண்டு கழித்து, ஊர் ஆறு பெருகி வீட்டுக்குள் வந்தது. ஐந்தடி இரண்டு அங்குலம். சுவரில் சேற்றுக் கோடு நின்ற இடத்தை அளந்து சொல்கிறேன். வெள்ளம் வருமென்று தெரிந்து, எடுத்துப் போக வேண்டிய பொருட்களுக்கு நான் பட்டியல் போட்டேன். இருபத்தாறு பொருட்கள். வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், மகளின் பள்ளிச் சான்றிதழ்கள், சாமிப் படங்கள். ஆல்பங்களை அலமாரி உச்சியில் வைத்தால் போதும் என்று நினைத்தேன். பலகைத் தூளில் செய்த அலமாரி அது. தண்ணீரில் ஊறி, உப்பி, குப்புற விழுந்துவிட்டது.

சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த பெரிய படம் மட்டும் சட்டத்துக்குள் பிழைத்திருந்தது. ஆனால் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "காயட்டுங்க, அவசரப்படாதீங்க" என்று மனைவி சொன்னாள். பூஞ்சை பிடித்துவிடுமே என்ற பயத்தில் நான் அதை அன்றே உரித்தேன். படம் தாளில் வரவில்லை, கண்ணாடியில் தங்கிவிட்டது. துண்டு துண்டாக. என் கையில் இருந்தது வெறும் வெள்ளைத் தாளும் ஒரு சட்டைக் காலரும்.

அவள் அன்றைக்கும் எதுவும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லிக் காட்டியதில்லை. பதினெட்டு ஆண்டுகளாக அவள் சொல்லாமல் இருப்பதையும் நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடையாள அட்டையை அவன் இறந்தபோதே பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். பள்ளியிலும் வெள்ளம் புகுந்திருந்தது. சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பங்களில் ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இருக்கிறான். மீசை அரும்பிய, குரல் உடைந்த அந்தக் கடைசி முகம் எங்குமே இல்லை.

போன ஆண்டு ஒரு காலையில் என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே செய்தித்தாளோடு இருந்தேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"என்னங்க, அவன் முகம் எனக்கு மறந்துபோச்சுங்க."

யாருடைய முகம் என்று நான் கேட்கவில்லை.

"கண்ணு தெரியுது. மூக்கு தெரியுது. சிரிச்சா தெரியுற பல்லு தெரியுது. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துப் பாத்தா வரமாட்டேங்குது. பெத்தவளுக்கு இப்படி ஆவுமா?"

"வயசாச்சுல்ல" என்றேன். அதைவிட மோசமான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது.

அதற்கு ஐந்து மாதம் கழித்து அந்தக் காணொளி வந்தது. மகனோடு படித்த ஒருவன், இப்போது பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன், மூன்று பிள்ளைகளின் தகப்பன், எங்களைத் தேடிப்பிடித்து அழைத்தான். அவனுடைய அப்பா பள்ளி விளையாட்டுப் போட்டியை வீடியோ எடுத்திருக்கிறார். பழைய டேப்பைக் கடையில் கொடுத்து மாற்றி, இணையத்தில் ஏற்றியிருந்தான். கூடப் படித்தவர்கள் பார்க்கட்டும் என்று.

"உங்க பையன் இருக்கான் அங்கிள். நாலு பேர் மாத்தி மாத்தி ஓடுற ரிலே ரேஸ். அவன் மூணாவதா ஓடுவான், நான் கடைசியா. இருபத்து மூணாவது நிமிஷத்துல பாருங்க."

மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். எங்கள் மகன் வருவது இருபத்து மூன்று நிமிடம் எட்டு விநாடியிலிருந்து பத்தொன்பது விநாடி வரை. பதினொரு விநாடி. கோட்டில் வந்து நிற்கிறான். கையைக் காற்சட்டையில் துடைக்கிறான். ஓடி வருகிறவனைத் திரும்பிப் பார்க்கிறான். ரிலே கட்டையை வாங்குகிறான், போய்விடுகிறான்; ஒரு சுற்று ஓடி வந்து அதைக் கொடுப்பதற்குள் கேமரா வேறு பக்கம் போய்விடுகிறது. அவன் திரும்பிப் பார்க்கும்போதுதான் முகம் நம் பக்கம் வருகிறது. அந்தப் போட்டி முடிந்து நாற்பத்தாறாம் நாள்தான் அவன் இறந்தது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாலம் தாண்டி வருவாள். அந்தச் சனிக்கிழமை தன் கைபேசியில் போட்டுக் காட்டினாள். கைபேசியில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது, அவ்வளவுதான். "டிவியில போடும்மா" என்றேன். ஐம்பத்தைந்து அங்குல டிவி அது. அதற்குக் கீழே கறுப்பு டப்பா போல ஒரு சின்னக் கணினி, இரண்டு ஒலிபெருக்கி. என் ஓய்வுக்காலம் சலிக்காமல் இருக்க மகள் வாங்கிக் கொடுத்தது.

பெரிய திரையில் அது இன்னும் மோசமாக இருந்தது. மனைவி எழுந்துபோய்த் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள்.

"எங்க அவன்? இதா? இது மூஞ்சியா, தண்ணியில ஊறுன சவக்காரக் கட்டியா?"

அவள் கண்ணில் குறையில்லை. முந்தின ஆண்டுதான் இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்து, மருத்துவர் காட்டிய பலகையில் கடைசிக்கு முந்தின வரிவரை தடங்கலில்லாமல் படித்தாள். குறை படத்தில்தான்.

"நான் சரி பண்றேன்" என்றேன். கண்ணாடியிலிருந்து படத்தை உரித்த கை இது என்று அவள் நினைத்தாளோ என்னவோ, என் விரல்களைத்தான் பார்த்தாள்.

ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் குறைகளை எழுதத் தொடங்கினேன். முதலில் டேப்பைக் கேட்டேன். மூலம் கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். "பூஞ்சை பிடிச்சிருச்சு அங்கிள். ஒரே தடவைதான் ஓடுச்சு, அப்புறம் அறுந்துபோச்சு" என்றான் அந்தப் பையன். பையன் என்கிறேன், நாற்பத்தொரு வயது. ஆகவே இணையத்தில் இருப்பதுதான் இருப்பது. அதை எவ்வளவு நன்றாக வாங்க முடியுமோ அவ்வளவு நன்றாக வாங்க வேண்டும்.

பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு முழுப் படமே வந்து சேரவில்லை. இணைய வேகம் குறையும்போது அந்தத் தளம் தானாகவே படத்தின் தரத்தைக் குறைத்து அனுப்புகிறது. நானூற்று எண்பது வரி இருக்க வேண்டிய இடத்தில் எங்களுக்கு இருநூற்று நாற்பது வரிதான் வந்துகொண்டிருந்தது. இணையப் பெட்டி பின்னறையில், நடுவில் இரண்டு சுவர். டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் சீனரிடம் போனேன். "அங்கிள், காத்துல வேணாம் லா, கேபிள் போடு" என்று பதினேழு மீட்டர் வெட்டிக் கொடுத்தார். சுவரோரமாக முப்பத்தெட்டு ஆணிப் பிடிப்பு அடித்து அதை இழுத்தேன். படத்தின் தரத்தைத் தானாக மாறாமல் நானூற்று எண்பதில் நிறுத்தினேன். முகத்தில் மூக்கு வந்தது.

"மூக்கு வந்திருச்சு" என்று கூப்பிட்டேன்.

அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். "மூக்கு யாருக்குத்தான் இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்தது அகலம். டிவி பழைய சதுரப் படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பியிருந்தது. எல்லாருமே குட்டையாகவும் குண்டாகவும் ஓடினார்கள். அதைச் சரிசெய்ததும் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை விழுந்தது. பிறகு டிவி. கடையில் பளபளவென்று தெரிவதற்காக அதில் நிறைய வேலைகளைப் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள். கூர்மை ஐம்பதில் இருந்தது. அது இல்லாத கூர்மையை உண்டாக்குவதற்காக ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் வெள்ளைக் கோடு போடுகிறது. சுழியத்துக்கு இறக்கினேன். அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை அணைத்தேன். நம் நாட்டு டேப் விநாடிக்கு இருபத்தைந்து படம். கணினி விநாடிக்கு அறுபது முறை திரையைப் புதுப்பித்ததால் ஓட்டம் வெட்டி வெட்டித் தெரிந்தது. ஐம்பதாக மாற்றினேன். ஓட்டம் சீரானது.

பதினொரு விநாடிக்கு இருநூற்று எழுபத்தைந்து படம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். முகம் நம் பக்கம் இருப்பது ஒன்பதில் மட்டும். அந்த ஒன்பதில் நான்காவதுதான் நல்லது.

இடையில் இன்னொரு குறையும் இருந்தது. அவன் கையைத் துடைத்த பிறகு, கருநீலக் காற்சட்டையில், இடுப்புக்குக் கீழே வெள்ளையாகச் சில புள்ளிகள் மினுங்கின. ஏழு புள்ளி. பழைய டேப்பில் இப்படி வெள்ளைத் தூசு தெறிப்பது சகஜம். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று டிவியில் ஓர் அமைப்பு உண்டு. தேவையில்லாமல் மினுங்கும் புள்ளிகளைத் தேடி அழித்துவிடும். அதை உச்சத்தில் வைத்தேன். காற்சட்டை சுத்தமானது. புத்தகத்தில் எழுதினேன்: 'குறை ஆறு. 23:11. இடுப்புக்குக் கீழ் வெள்ளைப் புள்ளி ஏழு. நீக்கப்பட்டது.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அலுவலகப் பழக்கம்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி இடிக்கத் தொடங்கிவிடும். நான்கு பிளக்கையும் பிடுங்கிவிட்டு மழை விடும்வரை உட்கார்ந்திருப்பேன். "ஆபிசருக்கு இன்னிக்கு லீவு" என்பாள் மனைவி. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். எட்டடி தூரத்தில் இருக்கும் நாற்காலியில் உட்கார்வாள். பதினொரு விநாடியும் பார்ப்பாள். பிறகு தலையை ஆட்டுவாள். இல்லை என்ற ஆட்டல்.

நாற்காலியைப் பன்னிரண்டு அடிக்குத் தள்ளிப் போட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து உருவம் கூடுகிறது. அது உண்மையாகவே உதவியது. அவள் முதன்முறையாக, "இவன்தான்னு தெரியுது. ஆனா யாரோ சொல்லித் தெரியுற மாதிரி இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் மகள் அந்தச் செயலியைக் கொண்டுவந்தாள். மங்கலான படத்தைக் கொடுத்தால், உலகத்தில் உள்ள எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகிய அறிவைக் கொண்டு தெளிவாக்கித் தருமாம். "ஏஐ-பா. இப்ப எல்லாரும் பழைய படத்துக்கு இதத்தான் செய்றாங்க" என்றாள். அந்தப் பதினொரு விநாடியை அதற்குள் போட்டோம். கறுப்பு டப்பாவின் விசிறி ஒரு மணி ஐம்பது நிமிடம் அலறியது. சூட்டில் வெடித்துவிடுமோ என்று நான் அதன் மேல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை வைத்துப் பார்த்தேன்.

முடிந்தது. போட்டோம்.

ஓர் இளைஞன் திரும்பி எங்களைப் பார்த்தான். புருவம் ஒவ்வொரு மயிராகத் தெரிந்தது. கண்ணில் வெளிச்சம் இருந்தது. உதடு லேசாகப் பிரிந்து பல் தெரிந்தது. மீசை அரும்பியிருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணன்" என்றாள். அவளுக்கு அவன் போகும்போது பதினான்கு வயது.

மனைவி வெகு நேரம் பார்த்தாள். "இன்னொரு தடவை" என்றாள். பார்த்தாள்.

"யாரு இது?"

"என்னம்மா கேக்கறீங்க, அண்ணன்தான்."

"நல்லா இருக்கான். யாரு பெத்த புள்ளையோ, ராசா மாதிரி இருக்கான்." புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஊஞ்சல்லேருந்து விழுந்தானே, அந்தத் தழும்பு எங்க? இடது புருவம் ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். இவனுக்கு வில்லு மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. "இருநூத்து அறுபத்தாறு புள்ளியில தழும்பையும் கொண்டு வான்னா எங்கேருந்து வரும்? இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. இவன என் புள்ளைன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த முகத்தை அச்சடித்து மாட்டுவதற்கு நான் சுவரில் இடம் அளந்துவிட்டேன். பதினாறுக்குப் பன்னிரண்டு அங்குலம். தழும்பு இல்லாதது எனக்குத் தெரியவில்லை. மூன்று தையல் போட அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்; எனக்குத் தெரியவில்லை. அவளாவது மறந்துபோச்சு என்று வாய்விட்டுச் சொன்னாள். நான் மறந்தது எனக்கே தெரியாமல், எவனோ ஒருவனைப் பார்த்து எழுந்து நின்றிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. அளந்த எல்லையைத்தான் தொடர்கோடாக வரையலாம். அளக்காத இடத்தை, எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும், விட்டு விட்டு வரும் கோடாகத்தான் வரைய வேண்டும். அளக்காததைத் தொடர்கோடாக வரைந்த ஒருவனை நான் இரண்டு முறை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தச் செயலி அளக்காததையெல்லாம் அழகான தொடர்கோடாக வரைந்திருந்தது. அன்று மாலையே அதை அழித்தேன். மகள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவன் திதி வந்தது. வழக்கமாகச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு வைத்து, இலை போட்டுப் படைப்போம். படம் இல்லாததால் விளக்குக்கே படையல். இந்த முறை மனைவி, "டிவியில வச்சுப் படைக்கலாங்க. அந்த நாலாவது படத்த நிறுத்திக் குடுங்க. மங்கலா இருந்தாலும் அது அவன்தானே" என்றாள்.

மகள் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். டிவிக்கு முன்னால் இலை போட்டோம். சோறு, மூன்று கறி, வடை, பாயசம், அவனுக்குப் பிடித்த மீ கோரெங் நூடுல்ஸ், ஒரு கிளாஸ் ரோஸ் சிரப். சூடம் காட்டும்போது திரைக்குச் சூடு படுமே என்று இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன். "இன்னிக்காவது அளக்காம இருங்களேன்" என்றாள் மனைவி.

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். சந்தனம் குழைத்து, தீக்குச்சி முனையில் தொட்டு, திரையில் அவன் நெற்றியில் வைத்தாள். அதன்மேல் குங்குமம். இறந்தவர்களின் படத்துக்கு வைப்பது போலவே. முகமே ஒரு ரப்பர்க் கொட்டை அளவுதான். அதில் கடுகளவு பொட்டு. அது மிகச் சரியாக உட்கார்ந்தது. மூவரும் கும்பிட்டோம்.

விழுந்து கும்பிட்டு எழும்போது என் முழங்கை தட்டி மேசையிலிருந்து விசைப்பலகை விழுந்தது. படம் ஓடத் தொடங்கிவிட்டது.

மகன் கட்டையை வாங்கிக்கொண்டு ஓடிப்போனான். பொட்டு போகவில்லை. அது கண்ணாடியில் அல்லவா இருந்தது. அதே இடத்தில் நின்றது. யார் யாரோ ஓடினார்கள், பொட்டு ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தொட்டு விட்டது. பிறகு கடைசியாக ஓட வேண்டியவன் கோட்டுக்கு வந்தான். எங்கள் மகன் நின்ற அதே இடம். நின்றான். பொட்டு நேராக அவன் நெற்றியில் இருந்தது. பாசிர் கூடாங்கில் இருப்பவன், மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

"ஐயோ, உசிரோட இருக்கிற புள்ளை அவன்!" மனைவி பாய்ந்துபோய்ப் புடவைத் தலைப்பால் திரையைத் தேய்த்தாள். சந்தனம் இழுவிக்கொண்டு போனது. "போன் போடுங்க. அந்தப் பையனுக்குப் போன் போடுங்க."

"அது வெறும் படம்மா" என்றாள் மகள்.

"போடுங்கன்னா!"

போட்டேன். ஆறு முறை மணி அடித்த பிறகு எடுத்தான். கைபேசியை அவள் பிடுங்கிக்கொண்டாள். ஒலிபெருக்கியை மகள் அழுத்தினாள்.

"ஐயா, நல்லா இருக்கியாப்பா?"

"ஆண்ட்டி? நல்லாத்தான் இருக்கேன். ஏன், என்னாச்சு?"

"வண்டி ஓட்டுறியா?"

"இல்ல ஆண்ட்டி, கேண்டீன்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"என்ன சாப்பிடுற?"

"நாசி லெமாக், நெத்திலி மீனோட."

"மெதுவாச் சாப்பிடு. முள்ளு இருக்கும், பாத்துச் சாப்பிடு."

அவன் சிரித்தான். இன்று திதி என்று மகள் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"வீடியோ பாத்தீங்களா ஆண்ட்டி? அவன் கை தொடச்சான் பாத்தீங்களா?"

"பாத்தேன். வேர்வை."

"வேர்வை இல்ல ஆண்ட்டி, பவுடர். உங்க பவுடர் டின்னுதான். பையில போட்டுத் திருட்டுத்தனமாக் கொண்டு வருவான். கை வேர்த்தா கட்டை வழுக்கும்ல? எங்க நாலு பேருக்கும் அவன்தான் கையில கொட்டித் தேச்சு விடுவான். மிச்சத்த சிலுவார்ல, தொடையோரமாத் தொடச்சிக்குவான். வெள்ளையா அஞ்சு விரலும் விழுந்திருக்கும். சார் தினமும் ஏசுவாரு."

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"மாசத்துக்கு ரெண்டு டின்னு தீந்துச்சே…"

"அப்ப நான் வாங்குன அடி?" என்றாள் மகள். "நாந்தான் பூசிப் பூசித் தீத்தேன்னு கரண்டியால அடிச்சீங்கம்மா. நாலு அடி." எண்ணுவதில் அவள் என் மகள்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துவிட்டேன். குறை ஆறு. 23:11. இடுப்புக்குக் கீழ் வெள்ளைப் புள்ளி ஏழு. நீக்கப்பட்டது. என் கையெழுத்து.

டிவியின் ரிமோட்டை எடுத்து, அந்த அமைப்பைத் தேடி, உச்சத்திலிருந்து சுழியத்துக்கு இறக்கினேன். முகத்தில் கொஞ்சம் கொசகொசப்பு கூடியது. கூடாரத்தின் மேலெல்லாம் தூசு பறந்தது. படத்தை இருபத்து மூன்று நிமிடம் எட்டு விநாடிக்குக் கொண்டுபோனேன்.

"இங்க வந்து உக்காரு" என்றேன்.

பன்னிரண்டடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். திரையில் அவள் தேய்த்த சந்தனம் ஒரு மங்கலான கீற்றாகக் காய்ந்திருந்தது. நான் துடைக்கப் போகவில்லை. படத்தை ஓடவிட்டேன்.

அவன் கோட்டில் வந்து நின்றான். கையைத் துடைத்தான். கருநீலத்தின் மேல் வெள்ளையாக ஒன்று விழுந்தது. ஏழு புள்ளிதான். விரல் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் கை வைத்த இடம் என்பதில் சந்தேகமில்லை. அவன் திரும்பிப் பார்த்தான், கட்டையை வாங்கினான், போய்விட்டான். அந்த வெள்ளை அவன் இடுப்பிலேயே ஒட்டிக்கொண்டு, அவனோடு ஓடியது.

"திரும்பப் போடுங்க."

போட்டேன்.

அவள் இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. காற்சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி சுருங்கி, மெல்ல விரிந்தது. பவுடர் தீர்ந்ததற்குக் கத்துவாளே, அந்தக் காலத்து முகம் ஒரு கணம் அவளுக்கு வந்து போனது.

"டின்னு தீந்துக்கிட்டே போவுதேன்னு அந்தப் போட்டி வாரம் ஒளிச்சு வச்சேங்க" என்றாள். "அரிசி டின்னுக்குள்ள, அடியில. யாருக்கும் சொல்லல. உங்களுக்குக் கூட." திரையை நோக்கிக் கையை நீட்டினாள். சிரித்தாள். "கண்டுபுடிச்சிருக்கான் பாருங்க, திருட்டுப் பய."